அன்ரி வீடா, உரிமம் பெற்ற இடமா: ஒன்ராறியோவில் கைக்குழந்தையை ஒப்படைக்கும் முன்

மகப்பேற்று விடுப்பு முடிய இரண்டு மாதம் இருக்கும்போது கனடாவின் ரொறன்ரோப் பகுதியில், ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும், நம்மவர் வீடுகளில் ஒரே பேச்சுத்தான் நடக்கிறது: பிள்ளையை யாரிடம் விடுவது? பெயர் பதிந்து வைத்த நிலையங்களில் ஒன்றிலிருந்தும் அழைப்பு வந்திருக்காது. ஆனால் இரண்டு தெரு தள்ளி, தன் வீட்டிலேயே நாலைந்து பிள்ளைகளைப் பார்க்கும் அன்ரி ஒருவரின் தொலைபேசி இலக்கம் எப்படியும் கைக்கு வந்துசேர்ந்திருக்கும். அவர் தமிழில் பேசுவார், சோற்றைக் குழைத்து ஊட்டுவார், வேலை முடிந்து ஏழு மணிக்குப் போனாலும் முகம் சுளிக்க மாட்டார். அவரிடம் உரிமம் இருக்கிறதா என்று மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் அவரை அவமதித்ததாகிவிடுமோ என்ற தயக்கமே காரணம்.

என் மகளுக்குப் பதினொரு மாதமானபோது நானும் அந்தத் தயக்கத்தோடுதான் இரண்டு வீடுகளுக்குப் போய்ப் பார்த்தேன். பிறகு சட்டத்தையும் கட்டணத்தையும் வரிக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, நம்மிடையே நெடுநாளாக நிலவும் ஒரு நம்பிக்கை இப்போது பொருந்துவதில்லை என்பது தெளிவானது. உரிமம் பெற்ற இடம் என்றால் செலவு கூட, அன்ரி வீடு என்றால் செலவு குறைவு என்பதே அந்த நம்பிக்கை. 2022க்கு முன் அது உண்மையாக இருந்தது. இன்று அது தலைகீழாகிவிட்டது.

முதலில் சட்டம். உரிமம் இல்லாமல் வீட்டில் பிள்ளை பார்ப்பது ஒன்ராறியோ மாகாணத்தில் குற்றமல்ல. அதற்குச் சட்டம் ஓர் எல்லை வகுத்திருக்கிறது, அவ்வளவே. 2014இல் இயற்றப்பட்டு 2015 ஓகஸ்ட் 31 முதல் நடைமுறையில் உள்ள பிள்ளை பராமரிப்புச் சட்டத்தின்படி, உரிமமற்ற ஒருவர் தம் வீட்டில் 13 வயதுக்குக் குறைந்த ஐந்து பிள்ளைகள் வரை பார்க்கலாம். அவர்களில் இரண்டு வயதுக்குக் குறைந்தவர்கள் மூவருக்கு மேல் இருக்கக் கூடாது. அவருடைய சொந்தப் பிள்ளைகளில் நான்கு வயதுக்குக் குறைந்தவர்களும் அந்த ஐந்தில் அடங்குவார்கள். தமக்கு உரிமம் இல்லை என்பதை அவர் பெற்றோருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும். பராமரிப்பு நேரத்தில் எப்போது போனாலும் பெற்றோரை உள்ளே விட வேண்டும். ஆனால் அவருக்கு முதலுதவி தெரியுமா, அந்த வீட்டில் வசிக்கும் பெரியவர்கள் யார், குழந்தை எதில் தூங்குகிறது என்பவற்றை முன்கூட்டியே வந்து சரிபார்ப்பவர் எவருமில்லை. யாராவது முறையிட்டால்தான் கல்வி அமைச்சின் அதிகாரி அந்தக் கதவைத் தட்டுவார்.

உரிமம் பெற்ற பராமரிப்பில் இரண்டு வகை உண்டு. எல்லோரும் அறிந்தது நிலையம். பலர் அறியாதது, உரிமம் பெற்ற முகவர் நிறுவனம் ஒன்றின் கீழ் இயங்கும் வீடு. பின்னதும் ஒரு வீடுதான், அங்கும் ஓர் அன்ரிதான் பிள்ளை பார்க்கிறார். அவர் ஆறு பிள்ளைகள் வரை வைத்திருக்கலாம். வேறுபாடு என்னவென்றால், முகவர் நிறுவனத்தின் மேற்பார்வையாளர் குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முன்னறிவிப்பின்றி அங்கே வந்து பார்க்கிறார். பராமரிப்பவருக்கும் அந்த வீட்டில் வசிக்கும் 18 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் காவல்துறைச் சான்று தேவை. கைக்குழந்தைகளுக்கான உயிர்காப்புச் சுவாச முறையையும் (CPR) உள்ளடக்கிய முதலுதவிப் பயிற்சியும் கட்டாயம்.

இனி பணம். 2020ஆம் ஆண்டளவில் ரொறன்ரோவில் ஒரு கைக்குழந்தைக்கான நிலையக் கட்டணத்தின் இடைமதிப்பு மாதம் 1,800 டொலரைத் தாண்டியிருந்தது. கனடாவின் பெருநகரங்களில் அதுவே மிக உயர்ந்த தொகை. அந்தக் காலத்தில் ஆயிரம் டொலருக்குப் பிள்ளை பார்த்த அன்ரிமார்தாம் எத்தனையோ தாய்மாரை வேலைக்கு அனுப்பி வைத்தார்கள், அதை மறந்துவிட முடியாது. பிறகு 2022 மார்ச் 28 அன்று ஒன்ராறியோ, மத்திய அரசின் நாடளாவிய பிள்ளை பராமரிப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. அந்த ஆண்டு ஏப்ரல் முதலாம் திகதிக்குப் பின்னோக்கிக் கட்டணம் 25 சதவீதம் வரை குறைந்தது. ஆண்டு முடிவில் அந்தக் குறைப்பு சராசரியாக 50 சதவீதமாகியது. 2025 ஜனவரி முதல், திட்டத்தில் இணைந்த இடங்களில் ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு நாளொன்றுக்கு 22 டொலருக்கு மேல் அடிப்படைக் கட்டணம் வாங்க முடியாது. நிலையத்துக்கு மட்டுமன்றி, திட்டத்தில் இணைந்த முகவர் நிறுவனத்தின் கீழுள்ள வீட்டுக்கும் இந்த உச்சவரம்பு பொருந்தும். உரிமமற்ற வீட்டுக்கு இதில் ஒரு சதமும் வருவதில்லை. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு நகரசபைகள் வழங்கும் கட்டண மானியத்தையும் உரிமமற்ற வீட்டில் பயன்படுத்த முடியாது.

ஓர் அன்ரி நாளுக்கு 50 டொலர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 21 வேலைநாள் என்றால் 1,050 டொலர், ஆண்டுக்கு 12,600. அதே 21 நாளுக்கு 22 டொலர் உச்சவரம்பில் உரிமம் பெற்ற இடம் ஒன்று வாங்கக்கூடியது 462 டொலர், ஆண்டுக்கு 5,544. வித்தியாசம் ஆண்டுக்கு ஏழாயிரம் டொலர். அன்ரி 50 டொலருக்குப் பதிலாக 35 டொலர் வாங்கினாலும் உரிமம் பெற்ற இடமே மலிவு.

இந்தக் கணக்கில் பற்றுச்சீட்டு ஒரு பெரிய பங்கு வகிக்கிறது. ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஆண்டுக்கு 8,000 டொலர் வரையான பராமரிப்புச் செலவை வருமானத்திலிருந்து கழிக்க மத்திய வரிச் சட்டம் இடமளிக்கிறது. பெரும்பாலும் தம்பதியரில் வருமானம் குறைந்தவரே இதைக் கோர வேண்டும். பராமரிப்பவர் தனிநபர் என்றால் அவருடைய சமூகக் காப்புறுதி இலக்கம் பற்றுச்சீட்டில் இருக்க வேண்டும். ஏறக்குறைய 30 சதவீத வரிப்படியில் இருப்பவருக்கு இதனால் 2,400 டொலர் மிஞ்சும். இதற்கு மேல் ஒன்ராறியோவின் வரிச்சலுகை ஒன்றும் உண்டு. 1,50,000 டொலர் வரை வருமானமுள்ள குடும்பங்கள், வருமானத்துக்கேற்பக் குறைந்துகொண்டு போகும் விகிதத்தில், இச்செலவின் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். குறைந்த வருமானக் குடும்பத்துக்கு அது செலவின் 75 சதவீதம் வரை போகும். ‘காசாகத் தாருங்கள், பற்றுச்சீட்டு வேண்டாம், ஐந்து டொலர் குறைக்கிறேன்’ என்ற பேச்சை ஏற்றுக்கொள்பவர் இவை அனைத்தையும் இழக்கிறார். நாளுக்கு ஐந்து டொலர் என்பது ஆண்டுக்கு 1,260 டொலர். 2,400 டொலரை விட்டு 1,260 டொலரை வாங்குவதை லாபம் என்று சொல்ல முடியாது.

அப்படியானால் உரிமமற்ற வீடுகள் ஏன் இன்னும் நிரம்பி வழிகின்றன? இடம் இல்லை என்பதே நேரான விடை. கட்டணம் குறைந்ததும் உரிமம் பெற்ற இடங்களைத் தேடுவோர் பெருகினார்கள், இடங்கள் அந்த வேகத்தில் பெருகவில்லை. அதிலும் கைக்குழந்தைக்கான இடம் மிக அரிது, அதற்குக் காரணம் விதியிலேயே இருக்கிறது. 18 மாதத்துக்குக் குறைந்த பத்துக் குழந்தைகளுக்கு நிலையம் மூன்று பணியாளரை வைக்க வேண்டும். 18 மாதம் முதல் 30 மாதம் வரை ஐந்து பிள்ளைக்கு ஒருவர் போதும். அதற்கு மேல் எட்டுப் பிள்ளைக்கு ஒருவர். ஆகவே கைக்குழந்தை அறை வைப்பதற்கு நிலையங்கள் தயங்குகின்றன. பன்னிரண்டு மாதத்தில் வேலைக்குத் திரும்பும் தாய் சரியாக அந்த முடுக்கில்தான் போய் அகப்படுகிறாள்.

இரண்டாவது காரணம் நேரம். பெரும்பாலான நிலையங்கள் மாலை ஆறு மணியளவில் மூடிவிடும். தொழிற்சாலையிலோ களஞ்சியத்திலோ பிற்பகல் மூன்று மணிக்கு வேலை தொடங்கும் பெற்றோருக்கு 22 டொலர் என்ற உச்சவரம்பு கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பண்டம் போன்றது. மொழியும் உணவும் மூன்றாவது காரணம். வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த ஒரு வயதுப் பிள்ளை, தன் மொழி தெரிந்தவரின் மடியில் விரைவாக அமைதியடையும். அந்த நன்மையை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் பிள்ளையின் பாதுகாப்புக்கு ஈடாக அதை வைக்க முடியாது.

பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது 2013 ஜூலையைத் தவிர்க்க முடியாது. ரொறன்ரோவுக்கு வடக்கே வோன் நகரில், உரிமமற்ற ஒரு வீட்டுப் பராமரிப்பில் இருந்த இரண்டு வயதுச் சிறுமி, வெயிலில் நின்ற காருக்குள் விடப்பட்டு இறந்தாள். சட்டம் அனுமதித்த எண்ணிக்கை ஐந்து. அந்த வீட்டில் இருந்த பிள்ளைகள் இருபதுக்கும் மேல். அந்த வீட்டைப் பற்றி அமைச்சுக்கு ஏற்கெனவே முறைப்பாடுகள் போயிருந்தன, உரிய கவனிப்புக் கிடைக்கவில்லை. ஏழு மாத இடைவெளியில் ரொறன்ரோப் பெரும்பாகத்தில் நான்கு பிள்ளைகள் உரிமமற்ற வீடுகளில் இறந்தார்கள். மாகாணக் குறைகேள் அதிகாரியாக அப்போது இருந்த ஆந்த்ரே மாரன் விசாரித்து, 2014 ஒக்ரோபரில் 113 பரிந்துரைகளோடு அறிக்கை வெளியிட்டார். அதே ஆண்டு இறுதியில் இன்றைய சட்டம் நிறைவேறியது. தண்டனை கூடியது, விதிமீறலை விசாரிக்கத் தனி அதிகாரிகள் வந்தார்கள். ஆயினும் அடிப்படை மாறவில்லை. உரிமமற்ற வீட்டுக்கு அரசு தானாக வருவதில்லை, யாரோ முறையிட வேண்டும். முறையிட வேண்டியவர், அங்கே நடப்பதைக் காணாத பெற்றோர். காண்கிற பிள்ளைக்கோ பேச்சு வராது.

உரிமம் இருந்தால் ஆபத்தே வராது என்று நான் சொல்லவில்லை. உரிமம் பெற்ற நிலையங்களிலும் பிள்ளைகள் விழுகிறார்கள், ஒவ்வாத உணவு ஊட்டப்படுகிறது, சில பணியாளர்கள் கடுமையாக நடந்துகொள்கிறார்கள். அங்கே பாரதூரமான சம்பவம் ஒன்று நடந்தால் அதை 24 மணி நேரத்துக்குள் அமைச்சுக்கு அறிவித்து, பெற்றோர் பார்க்கும்படி பத்து வேலைநாள் அறிவித்தலாகவும் ஒட்டிவைக்க வேண்டும். கடைசியாக நடந்த சோதனையின் முடிவை மாகாணத்தின் இணையத்தளத்தில் எவரும் படிக்கலாம். நான் பிள்ளையைச் சேர்க்க நினைத்த நிலையம் ஒன்றில் ஒட்டியிருந்த அத்தகைய அறிவித்தலைக் கண்டு முதலில் பயந்தேன். பிறகுதான், தவறை வாசலில் எழுதி ஒட்ட வேண்டிய கட்டாயம் உள்ள இடத்துக்கும் அப்படி ஒரு கட்டாயமே இல்லாத இடத்துக்கும் உள்ள வேறுபாடு மனதில் பட்டது. அன்ரியின் அன்பை நான் ஐயுறவில்லை. அன்பான ஒருவரும் களைத்துப்போகிறார், மருந்துக் குளிசையை மேசையில் வைத்துவிட்டு மறக்கிறார், தொலைபேசியில் பேசிக்கொண்டே கண்ணயர்கிறார். அப்போது அந்த வீட்டில் வேறொரு பெரியவரின் கண் இருக்கிறதா என்பதே என் கேள்வி.

கைக்குழந்தைக்குப் பெரிய ஆபத்து விளையாடும்போது வருவதைவிடத் தூங்கும்போது வருவது. உரிமம் பெற்ற இடத்தில் 12 மாதத்துக்குக் குறைந்த குழந்தையை மல்லாத்தித்தான் கிடத்த வேண்டும், தனித் தொட்டிலில்தான் விட வேண்டும், இடையிடையே கிட்டப்போய்க் கண்ணால் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். நம் மூத்த தலைமுறை குழந்தைகளை ஏணையில் போட்டு ஆட்டி வளர்த்தவர்கள். அருகிலேயே தாயும் பேத்தியாரும் இருந்த வீட்டில் அது நடந்தது. ஐந்து பிள்ளைகளை ஒருவர் பார்க்கும் வீட்டின் கீழ்த்தளத்தில், மூடிய கதவுக்குப் பின்னால், மெத்தென்ற தலையணையோடு குப்புறக் கிடக்கும் குழந்தையின் நிலை வேறு. நான் பார்த்த முதல் வீட்டில் குழந்தையைக் காரிருக்கையிலேயே மணிக்கணக்கில் தூங்க விட்டிருந்தார்கள். வந்தபோதே தூங்கிவிட்டது, எழுப்ப மனமில்லை என்றார் அந்த வீட்டு அன்ரி. அவர் அதைப் பரிவோடுதான் செய்தார். ஆனால் காரிருக்கையில் தலை முன்னே சரிந்தால் பச்சைக் குழந்தையின் மூச்சுக்குழல் மடங்கிப்போகும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் வந்து போகும் வீடாக இருந்திருந்தால், இதைச் சொல்ல ஒருவர் இருந்திருப்பார்.

இதனால்தான் என் தெரிவு வரிசை இப்படி அமைகிறது: இடம் கிடைத்தால் நிலையம் அல்லது முகவர் நிறுவனத்தின் கீழுள்ள வீடு, இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் இவ்விரண்டில் வீட்டையே முதலில் தேடுவேன். சிறு கூட்டம், ஒரே முகம், வீட்டுச் சமையல் என்று அன்ரி வீட்டில் நாம் தேடும் எல்லாம் அங்கே இருக்கின்றன, கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு. சில முகவர் நிறுவனங்களில் மாலை நேரமும் வார இறுதியும் பார்ப்பவர்கள்கூடக் கிடைப்பார்கள். ஸ்காபரோவில் தமிழ் பேசும் பராமரிப்பாளர்களும் இவற்றில் பதிந்திருக்கிறார்கள். நிலையங்களின் காத்திருப்புப் பட்டியலில் மட்டும் பெயரைப் போட்டுவிட்டு, முகவர் நிறுவனங்களை அழைக்காமல் விடுவதுதான் நம்மவர் அதிகம் செய்யும் பிழை. காத்திருப்புப் பட்டியலில் பதிவதற்குத் திருப்பித் தராத கட்டணம் வாங்குவது 2016 செப்டெம்பர் முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. எனவே கருவுற்ற காலத்திலேயே பத்து இடத்தில் பதிந்து வைப்பதற்குச் செலவு எதுவுமில்லை.

விடுப்பை நீட்டுவதும் ஒரு தெரிவு. தொழிற் காப்புறுதியில் பெற்றோர் கொடுப்பனவை 12 மாதக் கணக்கில் சம்பளத்தின் 55 சதவீதமாகவோ, 18 மாதக் கணக்கில் 33 சதவீதமாகவோ பெறலாம். மொத்தப் பணத்தில் பெரிய வேறுபாடு வராது, மாதாந்தக் கை இறுக்கம்தான் வரும். ஆனால் 18 மாதத்தில் பிள்ளை அடுத்த வயதுப் பிரிவுக்குப் போய்விடுவதால் நிலையத்தில் இடம் கிடைக்கும் வாய்ப்புக் கூடுகிறது. முதல் கொடுப்பனவு வந்த பிறகு இந்தத் தெரிவை மாற்ற முடியாது. ஆகையால் விண்ணப்பம் நிரப்பும் நாளிலேயே பராமரிப்பைப் பற்றியும் முடிவெடுத்திருக்க வேண்டும். ஊரிலிருந்து அம்மம்மாவை அழைப்பவர்களும் உண்டு. ‘சூப்பர் விசா’ எனப்படும் சிறப்பு விசாவில் அவர் ஒரே வருகையில் ஐந்து ஆண்டுவரை தங்கலாம். உடல்நலமும் விருப்பமும் உள்ள அம்மம்மாவைவிட நல்ல பராமரிப்பு இல்லை. ஆனால் எழுபது வயதில், பனிக்காலத்தில், அறியாத ஊரில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடும் பிள்ளையின் பின்னால் ஓடுவது அவருக்கு என்ன செய்யும் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவை எதுவும் கைகூடாமல் உரிமமற்ற வீடுதான் என்று ஆனால், அரசு செய்யாத சோதனையைப் பெற்றோரே செய்ய வேண்டியிருக்கிறது. அதற்கு நேரமும் துணிவும் இல்லாதவர் அந்த வீட்டைத் தெரிவுசெய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. முதல் முறை சொல்லிவிட்டுப் போங்கள், இரண்டாம் முறை சொல்லாமல், காலை பதினொரு மணிக்கோ மத்தியானத் தூக்க நேரத்திலோ போங்கள். உள்ளே விடத் தயங்கினால் அங்கேயே முடிவெடுத்துவிடலாம், ஏனெனில் அது சட்டமீறல். பிள்ளைகளை எண்ணுங்கள்; வாசலில் கிடக்கும் சின்னச் சப்பாத்துகளையும் எண்ணுங்கள். அன்ரியின் பேரப்பிள்ளை இன்றைக்கு மட்டும் வந்திருக்கிறது என்ற விளக்கத்தோடு ஆறாவது பிள்ளை நின்றால், மறுகிழமையும் போய்ப் பாருங்கள். சில்லுப் பூட்டிய குழந்தை நடைவண்டி கண்ணில் பட்டால் கவனியுங்கள். படியில் உருண்டு தலையில் அடிபடும் ஆபத்துக் காரணமாக 2004 முதல் கனடாவில் அதை விற்கவும் இறக்குமதி செய்யவும் தடை, பழையதைக் கைமாற்றவும் தடை. பக்கம் இறக்கி ஏற்றும் பழைய தொட்டில்களும் 2016 இறுதியோடு தடைசெய்யப்பட்டுவிட்டன. கீழ்த்தளத்தில் பிள்ளைகள் இருந்தால் வெளியேற இரண்டாவது வழி இருக்கிறதா, புகை எச்சரிக்கைக் கருவியும் காபன் மொனொக்சைட்டு எச்சரிக்கைக் கருவியும் வேலை செய்கின்றனவா என்று பொத்தானை அழுத்திப் பார்க்கலாம். அன்ரி இதைத் தவறாக எடுத்துக்கொள்வார் என்று அஞ்ச வேண்டாம். பிள்ளைகளைப் பொறுப்பாகப் பார்க்கும் எவரும் இதைப் புரிந்துகொள்வார்.

வீட்டில் இன்னும் யார் யார் இருக்கிறார்கள், பகலில் யார் வந்து போகிறார்கள், அன்ரிக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார், பிள்ளைகளைக் காரில் ஏற்றுவாரா, அவருடைய வீட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்கு இந்த வேலை தெரியுமா என்று கேளுங்கள். உரிமம் இல்லை என்ற எழுத்து அறிவித்தலைத் தாமாகவே எடுத்துத் தருகிறவர் சட்டத்தை அறிந்தவர், அது நல்ல அடையாளம். விதிமீறலுக்காக நடவடிக்கைக்கு உள்ளான உரிமமற்றவர்களின் விவரங்களை மாகாண அரசு இணையத்தில் வைத்திருக்கிறது. அதிலும் ஒருமுறை பெயரைத் தேடிப் பாருங்கள்.

நான் பார்த்த இரண்டாவது வீட்டின் அன்ரி இந்தக் கேள்விகள் அத்தனைக்கும் பொறுமையாக விடை சொன்னார். எட்டு ஆண்டாக நாலு பிள்ளைகள் பார்த்தவர். நீங்கள் ஏன் முகவர் நிறுவனம் ஒன்றோடு சேரக் கூடாது என்று கேட்டேன். ஆங்கிலப் படிவங்கள் பற்றிய பயம், வருமானத்தை முழுவதும் காட்ட வேண்டி வரும் என்ற கவலை, யாரோ வந்து தன் சமையலறையைக் குறை சொல்வார்கள் என்ற வெட்கம் என்று மூன்று காரணம் சொன்னார். முதலாவதற்கு நான் உதவ முடியும் என்றேன். இரண்டாவதற்கு, பற்றுச்சீட்டுக் கேட்கும் பெற்றோர் பெருகப் பெருக மறைக்க இடமிருக்காது என்றேன். மூன்றாவதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை; அவருடைய சமையலறை எங்கள் வீட்டுச் சமையலறையைவிடச் சுத்தமாக இருந்தது என்பதை மட்டும் சொன்னேன். படிவங்கள் நிரப்ப எங்களுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. காவல்துறைச் சான்று வர இன்னும் சில கிழமைகள் ஆயின. அதுவரை என் கணவர் தம் பங்கு விடுப்பை எடுத்து மகளைப் பார்த்துக்கொண்டார்.